எதிர்த்தரப்பில் நம்ம ஊர்ப் பையன்

நம்ம ஊரில் பிறந்து, நம்ம வரிப்பணத்தில் நடக்கிற காலேஜில் படித்து வக்கீலான ஒருவர், வெளிநாட்டு கம்பெனிக்காக நம்ம அரசாங்கத்துக்கு எதிராகவே வாதாடலாமா?

அவசரப்பட்டு பதில் சொல்லிவிடாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு கார் கதை கேளுங்கள்.

தாம்பரம் மேற்கில் முடிச்சூர் ரோட்டைப் பிடித்து, படப்பையைத் தாண்டிப் போனால் ஒரகடம் வரும். இன்றைக்கு அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டிப் போய்த் திரும்பினால், வீட்டில் திருஷ்டி சுற்றிப் போடுவார்கள். அங்கேதான் இருக்கிறது ரெனோ - நிசான் கார் ஆலை. 2008-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம். 2010-ல் ஆலை திறப்பு. ‘இங்கே வந்து ஆலை போடுங்கள். கட்டுகிற வரியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறோம். இன்னும் சில சலுகைகளும் உண்டு’ என்பது அரசு தரப்பில் கொடுத்த வாக்கு.

ஆலை வந்தது. கார் வந்தது. ‘எங்களுக்குத் திரும்பி வர வேண்டிய பணம்தான் வரவில்லை’ என்றது நிசான். கேட்டுப் பார்த்தார்கள். நினைவூட்டிப் பார்த்தார்கள். 2016-ல் நிசானின் அன்றைய தலைவர் கார்லோஸ் கோன் பிரதமரிடமே முறையிட்டுப் பார்த்தார். ம்ஹூம்! கடைசியில் 2017-ல் சர்வதேச நடுவர் குழு முன்னால் வழக்கு. கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் 2,900 கோடி வர வேண்டிய சலுகை பாக்கி. 2,100 கோடி நஷ்ட ஈடு. வட்டி தனி.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். வாக்குக் கொடுத்தது தமிழக அரசு. வழக்கு இந்திய அரசின் மேல். தம்பி வாங்கின கடனுக்கு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கிற மாதிரி. காரணம், இந்தியாவும் ஜப்பானும் 2011-ல் போட்டுக்கொண்ட பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம். ‘உங்கள் நாட்டுக்காரர் எங்கள் நாட்டில் முதலீடு செய்தால் நியாயமாக நடத்துவோம். இல்லையென்றால் அவர் எங்கள் கோர்ட்டுக்கு வராமல், நேராக நடுவர் குழுவிடம் போகலாம்’ என்று அதில் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் நிசான் உள்ளே வந்தது. ‘இதை விசாரிக்க உங்களுக்கு அதிகாரமே கிடையாது’ என்று இந்தியா ஆட்சேபித்தது. 2019 ஏப்ரலில், விசாரிக்கலாம் என்று முடிவு செய்தது நடுவர் குழு. 2020-ல் இரண்டு தரப்பும் சமாதானமாகப் போய்விட்டன. நிசானும் 2025-ல் ஆலையில் இருந்த தன் பங்கை ரெனோவிடமே விற்றுவிட்டது. கார் கதை முடிந்தது.

ஆனால், அதற்குப் பின்னால் இருக்கிற மனிதர்களின் கதை முடியவில்லை.

இந்த மாதிரி வழக்குகளுக்கென்றே வக்கீல்கள் இருக்கிறார்கள். கறுப்பு கோட்டு, சவுக்கு மரத்தூணில் கட்டின கீற்றுக் கொட்டகை, மரத்தடி டைப்ரைட்டர்... அந்த உலகம் வேறு. இவர்கள் உலகம் வேறு. ஒப்பந்தம் இங்கிலாந்து சட்டப்படி எழுதப்பட்டிருக்கும். வழக்கின் இருப்பிடம் சிங்கப்பூர் என்று இருக்கும். சாட்சி சொல்கிற இன்ஜினீயர் கொரியாவில் இருப்பார். தோற்றவரின் பணம் துபாய் பேங்கில் இருக்கும். கோர்ட் ஹாலுக்குப் பதில் ஹோட்டல் கூட்ட அறை. நீதிபதிக்குப் பதில் மூன்று நடுவர்கள். பெரும்பாலும் ஆளுக்கு ஒருவரை இரண்டு தரப்பும் தேர்ந்தெடுக்க, மூன்றாமவர் தலைவர். நடுவர்களின் சம்பளத்தையும் வழக்காடுகிறவர்களே கொடுக்க வேண்டும். கதவு சாத்தித்தான் இருக்கும். நீங்களும் நானும் போய் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியாது.

தீர்ப்பு வந்ததோடும் வேலை முடியாது. ‘வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை எங்கள் நாட்டிலும் மதிப்போம்’ என்று நியூயார்க் உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. 1958-ல் வந்தது. 170 நாடுகளுக்கு மேல் அதில் சேர்ந்திருக்கின்றன; இந்தியாவும் உண்டு. ஜெயித்த கையோடு அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு, தோற்றவருக்கு எந்த நாட்டில் என்ன சொத்து இருக்கிறது என்று தேடிப் போகலாம். ஜப்தி வாரன்ட்டோடு அமீனா கிளம்புவார் இல்லையா... அதேதான். கொஞ்சம் பெரிய அளவில், விமானத்தில்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் இந்த வேலையில் இருக்கிறான். சிட்லப்பாக்கத்துக்காரன். தரமணிப் பக்கம் சட்டம் படித்துவிட்டு சிங்கப்பூர் போனவன். அப்பா மாநில அரசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மூன்று, நான்கு வருஷங்களுக்கு முன்னால் பையனுக்கு ஒரு கேஸ் வந்தது. ஒரு வெளிநாட்டு கம்பெனிக்காக, நம்ம நாட்டுப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றுக்கு எதிராக வாதாடுகிற குழுவில் இவனும் ஒருவன். ஏரிக்கரையில் வாக்கிங் போகும்போது அப்பா என்னிடம் பொருமித் தீர்த்துவிட்டார்.

“நம்ம சோத்தைத் தின்னு வளர்ந்துட்டு, நமக்கே எதிரா வாதாடறான் தம்பி. நான் முப்பத்தாறு வருஷம் அரசாங்கத்துக்கு உழைச்சேன். அவன் அரசாங்கத்துக்கிட்டயிருந்து பிடுங்கறதுக்கு உழைக்கறான். ஜெயிச்சா யார் காசு போகுது? உங்க காசு, என் காசு!”

அவர் கோபத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 5,000 கோடி என்பது ஏதோ ஒரு மந்திரியின் பையிலிருந்து போகிற பணம் இல்லை. தீப்பெட்டி வாங்குகிறவரும் கட்டின வரி அதில் இருக்கிறது. அரசு காலேஜில் ஒரு மாணவர் கட்டுகிற ஃபீஸ், அவருக்காக ஆகிற செலவில் ஒரு துண்டுதான். மிச்சத்தைக் கட்டினது ஊர். அந்த ஊருக்கு எதிராக நிற்கும்போது கொஞ்சமாவது உறுத்த வேண்டாமா?

பையன் என்ன சொல்கிறான்? இந்தக் கேள்விக்கு எல்லா வக்கீல்களும் சொல்கிற பதில்தான்: “இது தொழில் அங்கிள். டாக்டர் பேஷன்ட்டோட ஊரைக் கேட்டா ஊசி போடறார்?”

இந்தப் பதிலுக்குச் சட்டத்தின் ஆதரவு உண்டு. தன் தகுதிக்கும் வழக்கின் தன்மைக்கும் ஏற்ற கட்டணம் கிடைத்தால், வருகிற வழக்கை வக்கீல் எடுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். விசேஷ காரணம் இருந்தால்தான் மறுக்கலாம் என்கிறது பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதி. நம்ம கோயம்புத்தூரிலேயே நடந்தது. வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் தகராறு. சம்பந்தப்பட்ட போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்கிருக்கும் வக்கீல்கள் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட தீர்மானம் செல்லவே செல்லாது என்று சொல்லிவிட்டது. எவ்வளவு கெட்டவன் என்று ஊர் நினைத்தாலும், அவனுக்காகப் பேச ஒருவர் வேண்டும்.

அந்தத் தீர்ப்பே உதாரணம் காட்டுகிற ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் எர்ஸ்கின். 1792-ல், ராஜத்துரோகமாக எழுதினார் என்று தாமஸ் பெயின் மேல் இங்கிலாந்தில் வழக்கு. அவருக்காக வாதாடினால் பதவி போகும் என்று எர்ஸ்கினுக்கு எச்சரிக்கை. வாதாடினார். வேல்ஸ் இளவரசரின் சட்ட அதிகாரி பதவி போயே போய்விட்டது.

நல்ல கதைதான். ஆனால், சிட்லப்பாக்கத்துப் பையனுக்கு இது பொருந்துமா?

நீங்களே யோசித்துப் பாருங்கள். தாமஸ் பெயினுக்கு எதிரே நின்றது ஒரு சாம்ராஜ்யம். இந்தப் பக்கம் நின்றது பேனா பிடித்த ஒரு தனி மனுஷன். பன்னாட்டு கம்பெனி அப்படியா? இவன் மறுத்தால் இவனைவிடக் கெட்டிக்காரர்கள் பத்துப் பேர் அடுத்த பிளைட்டில் வருவார்கள். வக்கீல் கிடைக்காமல் அந்த கம்பெனி தவிக்கப்போவதே இல்லை. எர்ஸ்கின் பதவியை இழந்தார். இவனுக்கு போனஸ் வரும். அதனால் ‘எல்லோருக்கும் வக்கீல் வேண்டும்’ என்பது உண்மை என்றாலும், அந்த உண்மைக்குப் பின்னால் இவன் ஒளிந்துகொள்ள முடியாது. டாக்டர் உதாரணமும் அப்படித்தான். டாக்டர் ஒருவரைக் குணப்படுத்தினால், இன்னொருவருக்கு நோய் வராது. வழக்கில் ஒருவர் ஜெயித்தால், இன்னொருவர் பணம் கட்ட வேண்டும்.

அப்படியென்றால் அப்பா சொல்வதுதான் சரியா?

பி.காம் படித்தவர்களுக்கு மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் உண்டு. எனக்கு அதில் பாதி மறந்துவிட்டது. மறக்காத பாதி இதுதான்: ஒருவர் ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார், இன்னொருவர் ஒப்புக்கொண்டு, அதை நம்பித் தன் பங்கைச் செய்துவிடுகிறார். அதன் பிறகு அது வெறும் பேச்சு இல்லை; ஒப்பந்தம். சொன்னவர் பணக்காரரா, ஏழையா, உள்ளூரா, வெளியூரா என்று சட்டம் கேட்பதில்லை.

அரசாங்கத்தின் வாக்குக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டா? கெய்ர்ன் கதை ஞாபகமிருக்கிறதா? பிரிட்டன் எண்ணெய் கம்பெனி. 2006-ல் அது தன் குழுமத்துக்குள் பங்குகளை மாற்றியது. 2012-ல் நம்ம நாடாளுமன்றம் வருமான வரிச் சட்டத்தைத் திருத்தியது. எப்போதிலிருந்து? நடந்து முடிந்த பழைய விவகாரங்களுக்கும் சேர்த்து! ஆடு புலி ஆட்டம் முடிந்து ஆறு வருஷம் கழித்து, ‘இனிமேல் ஆடு குறுக்கே நகரக் கூடாது, அன்றைக்கு நகர்ந்ததும் தப்பு’ என்று சொன்ன மாதிரி. வழக்கு நடுவர்களிடம் போனது. 2020 டிசம்பரில் 120 கோடி டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. இந்தியா கொடுக்கவில்லை. கெய்ர்னின் வக்கீல்கள் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகக் கிளம்பினார்கள். ஏர் இந்தியா அப்போது அரசாங்கத்தினுடையது இல்லையா... நியூயார்க்கில் அதைக் குறிவைத்து ஒரு வழக்கு. 2021 ஜூலையில் பாரிஸில் இந்திய அரசுக்குச் சொந்தமான சுமார் 20 கட்டடங்களை முடக்க அனுமதி கொடுத்தது ஒரு பிரெஞ்சு கோர்ட். அடுத்த மாதமே நாடாளுமன்றத்தில் அந்தப் பின்தேதிச் சட்டம் ரத்து! 2022-ல் சுமார் 7,900 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பாரிஸில் நம்ம கட்டடத்துக்கு ஜப்தி என்று படித்தபோது எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் ஒரு கேள்வி. நாட்டுக்குத் தலைகுனிவைக் கொண்டுவந்தது யார்? கட்டடத்தின் கதவு எண்ணைத் தேடிக் கண்டுபிடித்த வக்கீலா? ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றின சட்டமா?

வீட்டுப் பெரியவர் மளிகைக் கடையில் பாக்கி வைத்துவிட்டு, ‘தர முடியாது போ’ என்கிறார். ‘கொடுத்துடுங்கப்பா, நாமதான் வாங்கினோம்’ என்று சொல்கிற பிள்ளை வீட்டுக்குத் துரோகியா? தேசத்தின் மேல் பிரியம் வைப்பது என்றால், அதன் எல்லா வழக்கும் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது இல்லை. அதன் வாக்குக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதுதான். அந்த வகையில் எதிர்த்தரப்பில் நிற்கிற நம்ம ஊர்ப் பையனும் நாட்டுக்கு ஒரு காரியம் செய்கிறான். சம்பளம் வாங்கிக்கொண்டுதான் செய்கிறான் என்றாலும்.

இத்தோடு கட்டுரையை முடித்தால், பையனுக்கு முழு மார்க், அப்பாவுக்கு முட்டை. ஆனால், அப்பாவின் கோபத்துக்கு அடியில் வேறு ஒன்று இருக்கிறது. அது அவருக்கே தெரியாது.

ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்று ஒரு ஆஸ்திரேலிய கம்பெனி. கோல் இந்தியாவோடு தகராறு. 2002-ல் நடுவர்கள் அந்த கம்பெனிக்குச் சுமார் 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுக்கச் சொன்னார்கள். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு கோல் இந்தியா கொல்கத்தா கோர்ட்டுக்குப் போனது. நிறைவேற்றக் கேட்டு ஒயிட் டெல்லி கோர்ட்டுக்குப் போனது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை ஏறி அங்கேயே நின்றது. ஒன்பது வருஷம்! பொறுத்துப் பார்த்த கம்பெனி, நாடுகளுக்கு இடையிலான முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி இந்தியாவின் மேலேயே வழக்குப் போட்டது. 2011-ல் ஜெயித்தது. எதற்காக? ‘உரிமையை நிலைநாட்டப் பயனுள்ள வழி செய்து தருவோம் என்று ஒப்புக்கொண்டீர்கள், உங்கள் கோர்ட்டுகளின் தாமதத்தால் அது நடக்கவில்லை. நஷ்டத்தைக் கட்டுங்கள்’ என்றார்கள் நடுவர்கள்.

இன்னொரு தடவை படியுங்கள். இந்திய கோர்ட்டில் வழக்கு இழுத்தடித்ததற்கு நஷ்ட ஈடு! இங்கே உங்களில் எத்தனை பேர் வீட்டில் ஒன்பது வருஷத்தைத் தாண்டின வழக்கு இருக்கிறது? பாகப்பிரிவினை, பட்டா, வாடகைக்காரர், விபத்து... யாராவது ஒருவர், ஒரே ஒருவர், தாமதத்துக்கென்று ஒரு ரூபாய் வாங்கியிருக்கிறீர்களா?

ஒரகடத்துக்கே திரும்பி வாருங்கள். கார் ஆலைக்கு வரிச் சலுகை பாக்கி என்றால் சர்வதேச நடுவர் குழு கூடுகிறது. பக்கத்து ஊரில் சிப்காட்டுக்கு நிலம் போன ஒரு விவசாயி, இழப்பீடு பத்தாது என்று நினைத்தால் எங்கே போவார்? ஆலைக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற சின்ன லேத் பட்டறைக்காரர் ஒரு அரசுத் துறையிடம் பாக்கி நிற்கிறது என்றால் எங்கே போவார்? ஜப்பான்காரருக்குத் திறந்த அந்த வாசல், அதே ரோட்டில் இருக்கிற இந்தியருக்குக் கிடையாது. உள்ளூர்க்காரர் உள்ளூர் கியூவில்தான் நிற்க வேண்டும்.

வாசல் திறந்திருந்தாலும் டிக்கெட் வாங்கக் காசு வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் 1984-லிருந்து மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் இருக்கிறது. அங்கே இருக்கிற மாதிரி ஒரு சின்ன யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்து ஆர்டர் வருகிற சந்தோஷத்தில் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? ‘தகராறு வந்தால் லண்டனில் நடுவர் தீர்ப்பு’ என்று அங்கே ஒரு வரி இருக்கும். வாங்கினவர் 20 லட்சத்தைக் கொடுக்காமல் ஏமாற்றினால், லண்டன் நடுவர் சம்பளம், வக்கீல் சம்பளம், ஹோட்டல் வாடகை எல்லாம் கூட்டிப் பார்ப்பார் முதலாளி. பார்த்துவிட்டு, பேசாமல் வாராக்கடன் என்று கணக்கில் எழுதிவிட்டு, அடுத்த ஆர்டரைப் பார்க்கப் போய்விடுவார்.

இதுதான் நான் சொல்ல வந்தது. ‘நம்ம பையன் ஏன் அவர்களுக்காகப் பேசுகிறான்?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘அதே நியாயத்தை நமக்காக யார் பேசுகிறார்கள்?’ என்பது முதல் கேள்வி.

அப்பாவின் கதையில் நான் இன்னும் சொல்லாத ஒரு சங்கதி இருக்கிறது. அவரே அரசாங்கத்துக்கு எதிராக ஒரு வழக்கு நடத்துகிறார்! ரிட்டையர் ஆனபோது பென்ஷன் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று, வேலை பார்த்த துறையின் மேல் அவரும் கூட வேலை பார்த்த சிலரும் போட்ட வழக்கு. பதினோரு வருஷம் ஆகிறது. சேர்ந்து கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. இவர்களுக்காக ஆஜராகிற வக்கீலும் நம்ம ஊர்க்காரர்தான். நம்ம காசில் படித்தவர்தான். ஜெயித்தால் போகப்போவதும் அதே உங்க காசு, என் காசுதான். ஆனால் அந்த வக்கீலைத் துரோகி என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. “பாவம், நல்ல மனுஷன். வாய்தாவுக்கு வாய்தா வந்து நிக்கறார்” என்பார்.

அப்பா கேட்பதும், அந்த வெளிநாட்டு கம்பெனி கேட்பதும் ஒன்றுதான்: ‘சொன்னதைக் கொடுங்கள்.’ வித்தியாசம் நியாயத்தில் இல்லை. காத்திருக்கிற வருஷத்தில்.

அதனால் பையனிடம் நான் கேட்பது ‘அந்த வழக்கை விடு’ என்று இல்லை. ‘இது வெறும் தொழில்’ என்பதை விடு, அவ்வளவுதான். ‘அரசு வாக்கு மாறக் கூடாது’ என்று சிங்கப்பூரில் நடுவர்கள் முன்னால் அடித்துப் பேசுகிறாய் இல்லையா... அந்த வாக்கியத்தை நீ நிஜமாகவே நம்புகிறாயா? நம்பினால், அது டாலரில் ஃபீஸ் வருகிறவர்களுக்கு மட்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? தாலுகா அளவில்கூட இலவச சட்ட உதவிக்கு சட்டப் பணிகள் குழுக்கள் இருக்கின்றன. லீவில் வரும்போது வருஷத்துக்கு ஒரு பட்டறைக்காரரின் ஒப்பந்தத்தை, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துச் சொல். ஒரு பென்ஷன்காரரின் ஃபைலைப் புரட்டிப் பார். ஊர் உன்னைப் படிக்கவைத்த கடன், நீ எதிர்த்தரப்பில் நிற்க மறுப்பதால் அடையாது. இந்தத் தரப்பிலும் அவ்வப்போது வந்து நின்றால்தான் அடையும்.

நமக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுக்காரருக்கு அரசு பணம் தர மறுத்தால், நாம் உள்ளுக்குள் கொஞ்சம் கைதட்டுகிறோம். ‘அப்படிப் போடு!’ என்கிறோம். பலசாலிக்கே வாக்கு மாறுகிற ஒருவர், பலமில்லாத நமக்கு என்ன செய்வார் என்று யோசிப்பதில்லை.

ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் மாதிரி அடிகள் வாங்கின பிறகு, மத்திய அரசு 2015-ல் முதலீட்டு ஒப்பந்தங்களுக்குப் புதிய மாதிரி ஒன்றை உருவாக்கியது. வெளிநாட்டு கம்பெனிகள் முதலில் நம்ம கோர்ட்டுகளில் முயற்சி செய்ய வேண்டும். குறைந்தது ஐந்து வருஷம் பார்த்துவிட்டுத்தான் சர்வதேச நடுவர்களிடம் போகலாம் என்று அதில் ஒரு விதி. ஐக்கிய அரபு அமீரகத்தோடு போட்டு 2024-ல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தில் அது மூன்று வருஷமாகக் குறைந்துவிட்டது.

கோர்ட் வாசலில் ஒரு மனுஷன் எத்தனை வருஷம் நின்றால் போதும் என்று நம்ம அரசாங்கமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது, பாருங்கள். சிட்லப்பாக்கத்தில் பதினோரு வருஷமாக நிற்கிறவருக்கு அந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுப்பார்கள்?